இலங்கைக்கு டூரிஸ்ட் விசாவில் அடிக்கடி போய்வரலாமா? வேலூர்க்காரர்கள் கேட்டதும் நான் சொன்னதும்

11 பிப்ரவரி 2024, குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டது

"அக்காவை யாழ்ப்பாணத்துல குடுத்திருக்கோம். மாசமா இருக்கா. அம்மா கூட இருந்து பார்த்துக்கணும். எங்க ஊர் டிராவல்ஸ்ல ஒருத்தர், 'முப்பது நாள் முடியறதுக்குள்ள மெட்ராஸ் வந்து ஒரு ராத்திரி தங்கிட்டுத் திரும்பப் போனா மறுபடி முப்பது நாள். வருஷம் பூரா இப்படியே ஓட்டலாம், ரூலே அதான்'னு அடிச்சுச் சொல்றார். சரியா?"

11 பிப்ரவரி 2024, இரவு

சரியில்லை தம்பி. இலங்கை போவதற்கு முன் ஆன்லைனில் வாங்குகிற ஈடிஏ என்ற அனுமதியில் 30 நாள், இரண்டு முறை நுழையலாம் என்றுதான் இருக்கும். ஆனால் அந்த 30 நாள் முதல் தடவை அங்கே இறங்கிய தேதியிலிருந்து ஓட ஆரம்பித்துவிடும். நடுவில் மெட்ராஸ் வந்தாலும் நிற்காது. அம்மா இருபதாம் நாள் இங்கே வந்து இரண்டு நாள் கழித்துத் திரும்பினால் மிச்சம் எட்டு நாள்தான், புதுசாக முப்பது கிடையாது. இரண்டாவது நுழைவு என்பது அதே முப்பது நாளுக்குள் ஒருமுறை வெளியே போய்வர விடும் சலுகை, அவ்வளவே.

எங்கள் பெண்ணும் யாழ்ப்பாணத்தில்தான் இருக்கிறாள். நானும் வீட்டுக்காரம்மாவும் சத்துவாச்சாரியிலிருந்து அடிக்கடி போய்வருகிறோம். அதனால் இதை விளக்கமாகவே எழுதுகிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

12 பிப்ரவரி 2024

நேற்று எழுதியதற்கு ஆரணி அக்கா ஒருவர் மடக்கிக் கேட்டிருக்கிறார்: "அந்த ஈடிஏ முடிஞ்சதும் புதுசா ஒண்ணு போட்டுட்டுப் போகலாமே, யார் தடுக்கிறது?"

போடலாம். தடுக்கிற விதி எதுவும் இல்லை. ஒரு தடவை போய்வந்த பிறகு புது ஈடிஏவுக்கு விண்ணப்பித்தால் பெரும்பாலும் வந்துவிடும். டிராவல்ஸ்காரர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. ஆபத்தும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

ஈடிஏ என்பது விசா இல்லை. 2012 ஜனவரியிலிருந்து இலங்கை நடத்துகிற முன் அனுமதி அது. விமானத்தில் ஏற விடுவார்கள், கவுன்ட்டர் வரை போகலாம். விசாவைத் தருவது கொழும்புக்கான கட்டுநாயக்கா விமான நிலையத்திலோ யாழ்ப்பாணத்துக்கான பலாலி விமான நிலையத்திலோ உட்கார்ந்திருக்கும் அதிகாரி. அவர் முன்னால் ஒவ்வொரு முறையும் நாம் புது ஆள்தான். போன மாசம் விட்டார்கள், அதற்கு முந்தின மாசம் விட்டார்கள் என்பதெல்லாம் நமக்குச் சாதகம் என்று நினைப்போம். அவருக்கு அதே முத்திரைகள்தான் சந்தேகம். "இவ்வளவு அடிக்கடி வந்து இந்த நாட்டில் என்ன பார்க்கிறீர்கள்?"

அந்தக் கேள்விக்கு நம்மிடம் உண்மையான பதில் இருக்கிறதா என்பதுதான் விஷயம். இருந்தால் பயமே வேண்டாம்.

12 பிப்ரவரி 2024, சற்று நேரம் கழித்து

சொல்ல விட்டுப்போனது. டூரிஸ்ட் விசா என்றால் சிகிரியாவும் கண்டியும் பார்க்கத்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. உறவினரைப் பார்க்கப் போவதும் அந்த வகையில்தான் வருகிறது, விண்ணப்பத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது. ஆயுர்வேதம் உட்பட வைத்தியத்துக்குப் போவதும் அதில்தான். மகளைப் பார்க்கப் போகிற தாய் "சுற்றிப் பார்க்க வந்தேன்" என்று பொய் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. இதைச் சொல்லிக்கொடுக்கிற ஏஜென்ட்டுகளை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. ஒன்றும் தெரியாத அம்மாவுக்கு ஓட்டல் புக்கிங் தாள் ஒன்றைப் போலியாக அடித்துக் கையில் கொடுத்து, "மகள் இருக்கிறதைச் சொல்லாதீங்க" என்று அனுப்புகிறார்கள். அதிகாரி ஓட்டல் பேரைக் கேட்டதும் அந்த அம்மா திருதிருவென்று விழிக்கிறார். மகளைப் பார்க்க வந்தேன் என்ற ஒரு வரியில் முடிந்திருக்கும்.

20 பிப்ரவரி 2024

கட்டணம் பற்றிக் கேட்டிருந்தார்கள். சார்க் என்ற தெற்காசியக் கூட்டமைப்பு நாட்டுக்காரர்களான நமக்கு 20 டாலர் இருந்தது. போன நவம்பர் கடைசியிலிருந்து இந்தியா, சீனா, ரஷ்யா, ஜப்பான், மலேசியா, இந்தோனேசியா, தாய்லாந்து ஆகிய ஏழு நாட்டுக்காரர்களுக்குக் கட்டணத்தை எடுத்துவிட்டார்கள். இலவசம் என்பதால் ஈடிஏவே வேண்டாம் என்று அர்த்தமில்லை, விண்ணப்பம் கட்டாயம் போடணும். 30 நாளுக்கு மேல் தங்கினால் நீட்டிப்புக்குத் தனியாகக் கட்டணம் உண்டு.

இன்னொன்று. அரசாங்கத் தளம் ஒன்றே ஒன்றுதான்: ஈடிஏ டாட் கவ் டாட் எல்கே. கூகுளில் தேடினால் மேலே விளம்பரமாக வருவதெல்லாம் இடைத்தரகர் கடைகள், அதே இலங்கைக் கொடி, அதே நீல நிறம். இலவசமாகக் கிடைக்கிற அனுமதிக்கு மூவாயிரம் நாலாயிரம் கறந்துவிடுவார்கள்.

9 மார்ச் 2024

குடியாத்தம் தம்பிக்கு. அம்மா பாஸ்போர்ட்டில் ஈசிஆர் முத்திரை இருக்கிறது, அனுப்புவார்களா என்று கேட்டிருந்தாய். நம் பக்கத்துத் தாய்மார்கள் நிறையப் பேர் பத்தாவது தாண்டாதவர்கள், அதனால் இது பல வீடுகளில் இருக்கிற கவலை. ஈசிஆர் என்பது வளைகுடா நாடுகள், மலேசியா என்று 18 நாடுகளுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கானது. இலங்கை அந்தப் பட்டியலிலேயே இல்லை. தைரியமாகப் போகலாம்.

பாஸ்போர்ட் ஆறு மாசத்துக்குக் குறையாமல் செல்லுபடியாகணும். புதுப்பிக்க வேலூர்த் தலைமைத் தபால் நிலைய பாஸ்போர்ட் மையத்துக்கே போகலாம், மெட்ராஸ் போக வேண்டாம். அடிக்கடி போகிறவர்கள் 36 பக்கத்துக்குப் பதில் 60 பக்கப் புத்தகம் கேட்டு வாங்குங்கள். 1500 ரூபாய்க்குப் பதில் 2000, அவ்வளவுதான் வித்தியாசம். ஒரு தடவை போய்வந்தால் இங்கே இரண்டு முத்திரை, அங்கே இரண்டு முத்திரை. பக்கம் பறந்துவிடும்.

4 மே 2024

இந்த வாரம் கொழும்பு விமான நிலையத்தில் விசா வரிசையில் நின்ற ஒருவர் கத்திப் பேசிய காணொளி எல்லோருக்கும் வந்திருக்கும். விஷயம் இதுதான்: ஏப்ரல் 17லிருந்து பழைய ஈடிஏ முறையை நிறுத்திவிட்டு, வேலையை வெளிநாட்டுத் தனியார் கூட்டமைப்பிடம் கொடுத்துவிட்டார்கள். விசா வகைகள் மாறின, சேவைக் கட்டணம் என்று ஒன்று புதுசாகத் தலையில் ஏறியது.

நமக்கு இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. நான் பிப்ரவரியில் எழுதிய தளமும் கட்டணமும் அன்றைய நிலவரம். இலங்கை விசா விதியை யாராவது போன வருஷம் போனதை வைத்துச் சொன்னால் காதில் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் கட்டுவதற்கு முன் அன்றைக்கு என்ன என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

6 மே 2024

வாலாஜாவிலிருந்து நாதஸ்வரக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒரு கோயில் கும்பாபிஷேகத்துக்கு வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள், சம்பாவனை உண்டு, டூரிஸ்ட்டாகப் போனால் போதுமா என்று.

போதாது ஐயா. கலை நிகழ்ச்சி, இசை, சமய நிகழ்ச்சி, கருத்தரங்கு, குறுகிய காலப் பயிற்சி எல்லாம் பிஸினஸ் வகையில் வருகிறவை. அதற்குத் தனி விண்ணப்பம். அழைக்கிற கோயில்காரர்களிடம் கடிதம் வாங்கி அந்த வகையிலேயே போடுங்கள். தவில், நாதஸ்வரம் கையில் இருக்கும்போது டூரிஸ்ட் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அதிகாரி கேட்காமல் விட்டால் அது அவர் பெருந்தன்மை. அதை நம்பி ஒரு குழுவையே கூட்டிக்கொண்டு போகக் கூடாது.

கைலி, புடவை வியாபாரிகளுக்கும் இதையே சொல்கிறேன். பழக்கமான வீடுகளில் இரண்டு மூட்டை கொடுத்துவிட்டு வரலாம் என்று டூரிஸ்ட் விசாவில் போய் வீடு வீடாகத் துணி விற்றவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பிய செய்தி யாழ்ப்பாணப் பேப்பர்களில் அவ்வப்போது வரும். அந்த ஒரு முத்திரை அடுத்த பத்து வருஷத்துக்குப் பாஸ்போர்ட்டில் பேசும்.

30 ஜூன் 2024

போன வாரம்தான் திரும்பினோம். கவுன்ட்டரில் நடந்ததை எழுதுகிறேன், இந்தக் கேள்வி கேட்ட எல்லோருக்கும் உதவும்.

இளம் வயது அதிகாரி. என் பாஸ்போர்ட்டைப் பின்பக்கமிருந்து புரட்டினார். முத்திரை முத்திரையாக விரலை வைத்துக்கொண்டே வந்தார், உதட்டுக்குள் ஏதோ கூட்டிக்கொண்டார். பிறகு ஆங்கிலத்தில், "இங்கே யார் இருக்கிறார்கள்?" என்றார். மகள் என்றேன். "வேலை செய்கிறாரா?" இல்லை, கல்யாணம் ஆகிவிட்டது, மருமகன் இந்த ஊர்க்காரர் என்றேன். வீட்டுக்காரம்மா பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினாள். அதில் மகளின் பாஸ்போர்ட்டில் இருக்கிற வதிவிட விசா (அங்கேயே குடியிருப்பதற்கான விசா) பக்கத்தின் நகல், கல்யாணச் சான்றிதழ், பேரனின் பிறப்புச் சான்றிதழ், எங்கள் திரும்பும் டிக்கெட். அவர் பிறப்புச் சான்றிதழை மட்டும் பார்த்தார். திரும்பும் தேதியைக் கேட்டார். சொன்னேன். முத்திரை விழுந்தது.

அவ்வளவுதான். இதில் கெட்டிக்காரத்தனம் ஒன்றுமில்லை. யார், எதற்கு, எப்போது திரும்புகிறோம் என்ற மூன்றுக்கும் நேரான பதிலும் ஒவ்வொன்றுக்கும் ஒரு தாளும். எங்கள் கையிலிருந்த ஆற்காட்டு மக்கன்பேடா டப்பாவைக் கூட யாரும் திறக்கச் சொல்லவில்லை. செடி, விதை, பச்சைக் காய்கறி எதையும் கொண்டுபோகாதீர்கள், அதற்கு அனுமதி தனி.

1 ஜூலை 2024

மேல்மொணவூர் இலங்கைத் தமிழர் அகதி முகாமில் இருக்கும் நண்பருக்காக ஒருவர் கேட்டிருந்தார், இதே விதிகள் அவருக்கும் பொருந்துமா என்று. பொருந்தாது. நாங்கள் பேசுவது இந்திய பாஸ்போர்ட்டில் போய்வருகிறவர்களைப் பற்றி. முகாமில் பதிவுள்ளவர்கள் வெளியேற இந்தியத் தரப்பு அனுமதி வேண்டும், திரும்பி வருவது இன்னும் பெரிய கேள்வி. முகாம் தாசில்தாரிடமும் விவரம் தெரிந்த வக்கீலிடமும் கேட்காமல் ஓர் அடி கூட எடுத்து வைக்க வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள். இதை என்னைப் போன்ற ஆள் சொல்லி நம்பக் கூடாது.

11 ஆகஸ்ட் 2024

ஆகஸ்ட் 2ஆம் தேதி கொழும்பு உச்ச நீதிமன்றம் அந்தத் தனியார் ஏற்பாட்டை நிறுத்தி, பழைய முறைக்கே போகச் சொல்லி இடைக்காலத் தடை போட்டிருக்கிறது. நல்ல செய்தி. நடைமுறைக்கு வரும் வரை டிக்கெட் போட அவசரப்படாதீர்கள்.

19 ஆகஸ்ட் 2024

நாகப்பட்டினம் – காங்கேசன்துறைக் கப்பல் 16ஆம் தேதியிலிருந்து மறுபடியும் ஓடுகிறது. போன அக்டோபரில் பிரதமர் கொடியசைத்துத் தொடங்கி, மழைக்காலத்தோடு நின்றுபோனது. இப்போது 'சிவகங்கை' என்ற கப்பல். கடலில் சுமார் நாலு மணி நேரம்.

வேலூரிலிருந்து கணக்குப் போட்டால்: விமானம் என்றால் மீனம்பாக்கம் வரை காரில் மூன்று மணி நேரம், வாலாஜா தாண்டி ரோடு வேலை எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது. கப்பல் என்றால் காட்பாடியிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து நாகைக்கு ஒரு ராத்திரிப் பயணம். மூட்டை அதிகம் இருந்தால் கப்பல் நல்லது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு விமானம். எதில் போனாலும் விசா விதி ஒன்றுதான், கப்பலில் போனால் கேட்க மாட்டார்கள் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள், அதை நம்பாதீர்கள்.

3 செப்டம்பர் 2024

இன்டிகோவும் 1ஆம் தேதியிலிருந்து சென்னை – யாழ்ப்பாணம் பறக்கிறது. கொழும்பில் இறங்கி ராத்திரி முழுக்க பஸ்ஸில் வடக்கே போன காலத்தை நினைத்தால் இது பெரிய வரம்.

8 செப்டம்பர் 2024

விஷயம் வேறு பக்கம் திரும்புகிறது, ஆனாலும் அவசியமானது. காந்தி ரோட்டில் லாட்ஜ் நடத்துகிற நண்பர் சொன்னார்: "நாம அங்க போறதைப் பத்தியே பேசுறீங்க, இங்க வர்றவங்க படுற பாட்டை யார் எழுதுறது?" உண்மைதான். வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வங்கதேசத்திலிருந்து வருகிறவர்களை நம்பித்தான் அந்தத் தெருவே இருக்கிறது, பெயர்ப் பலகையிலிருந்து சாப்பாட்டுக் கடை வரை வங்காளி. டாக்காவில் ஆகஸ்டில் ஆட்சி கவிழ்ந்ததிலிருந்து நம் விசா மையங்கள் மூடி, பிறகு வைத்தியம், அவசரம் என்று கொஞ்சமாகத் திறந்தன. அறைகள் பாதி காலி.

அவர் சொன்ன இன்னொன்று: வைத்தியத்துக்கு வருகிறவர் மெடிக்கல் விசாவில் வரணும், கூட இரண்டு பேர் துணைக்கு வரலாம். அதை விட்டுவிட்டு டூரிஸ்ட்டாக வந்து அட்மிட் ஆக முயற்சி செய்து அல்லாடியவர்களை அவர் நிறையப் பார்த்திருக்கிறார்.

2009 டிசம்பரில் நம் அரசாங்கம் ஒரு விதி போட்டது: டூரிஸ்ட் விசாவில் வந்து போனவர் மறுபடி வர இரண்டு மாசம் இடைவெளி வேண்டும் என்று. மும்பைத் தாக்குதலுக்காக இங்கே அடிக்கடி வந்து வேவு பார்த்த டேவிட் ஹெட்லி விவகாரத்துக்கு அப்புறம் வந்தது. 2012 கடைசியில் பாகிஸ்தான், வங்கதேசம், சீனா, ஈரான், இராக், ஆப்கானிஸ்தான், சூடான் தவிர மற்ற நாட்டுக்காரர்களுக்கு அதை எடுத்துவிட்டார்கள். இலங்கைக்காரர்களும் அதில் தப்பித்தார்கள். அடிக்கடி வருகிற டூரிஸ்ட் மேல் எந்த அரசாங்கத்துக்கும் கண் இருக்கும். நாம் போட்ட விதியை நாளைக்கு அவர்களும் நமக்குப் போடலாம். இருக்கிற தாராளத்தைக் கெடுத்துக்கொள்ளாமல் போய்வர வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

9 செப்டம்பர் 2024

அதே தொடர்ச்சியாக, மருமகனோ சம்பந்தியோ இங்கே வந்தால். இலங்கை பாஸ்போர்ட்காரர் இந்தியாவுக்கு இ-விசா போடலாம், 30 நாள், ஒரு வருஷம், ஐந்து வருஷம் என்று வகைகள் இருக்கின்றன. ஒரு வருஷ விசாவானாலும் ஒரே தடவையில் 90 நாளுக்கு மேல் தங்கக் கூடாது.

பலருக்குத் தெரியாதது: வெளிநாட்டவர் லாட்ஜில் தங்கினால்தான் ஃபார்ம் சி (அவர் தங்குவதை அரசாங்கத்துக்குத் தெரிவிக்கும் படிவம்) என்று இல்லை. நம் வீட்டு மாடியில் தங்கினாலும் 24 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் ஆன்லைனில் பதிய வேண்டும். சொந்த மருமகனுக்கு எதற்கு இதெல்லாம் என்று தோன்றும். பதிந்துவிடுங்கள். பின்னால் அவர் நீட்டிப்போ வேறு விசாவோ கேட்கும்போது அந்தப் பதிவு கேட்பார்கள்.

29 செப்டம்பர் 2024

பழைய ஈடிஏ திரும்பிவிட்டது. தேர்தல் முடிந்து புது ஜனாதிபதி வந்த சில நாளிலேயே. நீதிமன்ற உத்தரவை அமல்படுத்தாததற்காகக் குடிவரவுத் துறைத் தலைவரையே விளக்கமறியலில் (நம் ஊரில் நீதிமன்றக் காவல்) வைத்துவிட்டார்கள். பழைய தளம், பழைய முறை. பிப்ரவரியில் எழுதியதில் தளம் பற்றிய பகுதியை இனி அப்படியே பின்பற்றலாம்.

17 நவம்பர் 2024

ஆரணி அக்கா மறுபடி: "பேரன் அங்கே பிறந்தான், அவனுக்கு இங்கே வர விசாவா?" ஆமாம், அப்பா வழியில் இலங்கைக் குடிமகன், அந்த பாஸ்போர்ட்டில் வந்தால் விசா வேண்டும். பிறந்து ஒரு வருஷத்துக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிந்தால் இந்தியக் குடிமகனாகலாம். யாழ்ப்பாணத்திலேயே இந்தியத் துணைத் தூதரகம் இருக்கிறது, விவரம் கேட்கலாம். அந்தக் காலம் தாண்டிவிட்டதா? தாய் இந்தியக் குடிமகள் என்பதால் ஓசிஐ அட்டைக்கு (வெளிநாட்டுக் குடிமக்களுக்கு இந்தியா தருகிற ஆயுள்கால அனுமதி அட்டை) விண்ணப்பிக்கலாம். மருமகனும் கல்யாணத்தைப் பதிந்து இரண்டு வருஷம் ஆனபின் ஓசிஐ கேட்கலாம். அது கையில் இருந்தால் ஆயுளுக்கும் இந்த விசாத் தொல்லை இல்லை. எங்கள் வீட்டில் இதற்காகத்தான் இப்போது தாள் சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.

பாட்டி, தாத்தா நமக்கு அங்கே இப்படி ஒரு வழி இல்லையே என்ற ஆதங்கம் எனக்கு உண்டு. மனைவி, கணவன், பிள்ளைகளுக்கு வதிவிட விசா இருக்கிறது. பெண்ணைக் கொடுத்த பெற்றோருக்குக் கிடையாது. 55 வயது தாண்டியவர்களுக்கு ஒரு திட்டம் உண்டு. அதற்கு 15,000 டாலர் வைப்பும் மாசம் 1,500 டாலர் வரவும் காட்டணும். பென்ஷன்காரன் எங்கே போவது? பக்கத்து நாடு, நாலு மணி நேரக் கடல். பேரன் பேத்தியைப் பார்க்கப் போகும் தாத்தா பாட்டிக்கென்று இரண்டு அரசாங்கமும் பேசி ஒரு வருஷ விசா கொடுத்தால் யாருக்கு என்ன நஷ்டம்? நான் இதைத் தூதரகத்துக்கு எழுதியும் போட்டிருக்கிறேன். நீங்களும் எழுதுங்கள்.

2 மார்ச் 2025

குடியாத்தம் தம்பி எழுதியிருக்கிறான். அக்காவுக்குப் போன வருஷம் பெண் குழந்தை, அப்போது அம்மா நீட்டிப்பு வாங்கி மூன்று மாசம் இருந்துவிட்டு வந்தார்களாம். இப்போது குழந்தைக்கு முதல் பிறந்த நாள் வருகிறது, மறுபடி இரண்டு மாசம் இருக்க ஆசைப்படுகிறார்கள், நீட்டிப்பா, இரண்டு தடவையாகப் போய்வருவதா?

நீட்டிப்புதான் தம்பி. 30 நாளில் வந்து, புது ஈடிஏ போட்டு, மறுநாள் திரும்புவதில் விமானக் கூலியும் போகும், முத்திரையும் கூடும், கவுன்ட்டரில் கேள்வியும் கூடும். 30 நாளோடு இன்னும் 60 நாள் முறையாக வாங்கலாம், தேவையானால் அதற்கு மேலும் கேட்கலாம். பத்தரமுல்லையில் சுஹுருபாய கட்டடத்தில் இருக்கும் குடிவரவுத் திணைக்களத்துக்கு நேரில் போக வேண்டியதில்லை, ஆன்லைனிலேயே போடலாம். போகும்போதே கவுன்ட்டரில் இரண்டு மாசம் இருக்கப் போவதாகச் சொல்லச் சொல். டிக்கெட்டும் அந்தத் தேதிக்கே இருக்கட்டும். ஒரு மாசத்துக்கு டிக்கெட் போட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று டிராவல்ஸில் சொல்வார்கள், வேண்டாம்.

2 மார்ச் 2025, பிற்சேர்க்கை

நீட்டிப்பைக் கடைசி நாளில் போடக் கூடாது. முப்பது நாள் முடிவதற்குப் பத்து நாள் இருக்கும்போதே அக்காவைப் போடச் சொல். பாஸ்போர்ட்டின் முகப்புப் பக்கம், வந்திறங்கிய முத்திரை இருக்கும் பக்கம், தங்கும் வீட்டு முகவரி, திரும்பும் டிக்கெட், பணம் கட்ட ஒரு கார்டு. அம்மா பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுத்துக்கு எழுத்து. நம் ஊர்த் தாய்மார்களுக்கு அப்பா பேரும் வீட்டுக்காரர் பேரும் மாறி மாறி வருவது வழக்கம். அங்கே இடறினால் திருத்தவே ஒரு வாரம் போய்விடும்.